ஒட்டுப்போட்ட வண்டி

பழைய கார் விற்கும் அந்த வளாகத்துக்குள் தையற்காரி தன் குடும்பத்தோடு நுழைந்தபோது காலை மணி பதினொன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. பேய் வருகிற நேரமா அது? ஆனால் பேய்க்கு யார் போய் நேரம் பார்த்துச் சொல்வது?

முன்னால் அவள் கணவன், கணக்கு வாத்தியார், பரிசு வாங்க மேடையேறுகிறவன்போல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தான். பின்னால் ஒன்பது வயது மகள் பட்டாணி. இத்தனை வருடமும் ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு போனவர்கள். மழை வந்தால் மூவருக்கும் ஒரே மழைக்கோட்டு.

விற்பனையாளனுக்கு அங்கே தேன்வாய் என்று பெயர். சிரித்தால் முப்பத்திரண்டு பல்லும் தெரியும். உட்கார்ந்து எண்ணினால் நாற்பதுகூடத் தேறும்.

"சார், இது வண்டியில்ல, வீடு. ஏழு பேர் காலை நீட்டி உட்காரலாம். ஒரே ஓனர். பெத்த பிள்ளை மாதிரி வச்சிருந்தார்."

"அப்புறம் ஏன் வித்தார்?" என்றாள் தையற்காரி.

"அவர் போயிட்டார்க்கா. வெளியூர்."

"எந்த ஊர்?"

"ரொம்ப தூரம்க்கா."

கரும்பச்சை நிற வண்டி, முகம் பார்க்கலாம்போல் மினுங்கியது. உள்ளே எலுமிச்சை வாசனை தெளித்திருந்தார்கள். அதற்கும் அடியில் இன்னொரு வாசனை. பல் பிடுங்கின குழியில் நாக்கை வைத்தால் வருமே, அந்த இரும்பு வாசனை.

தையற்காரி பின்கதவைத் திறந்து கம்பளத்துக்கு அடியில் கையை விட்டாள். இருட்டில் ஒரு நூல் பிசிறைக் கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. முன்சீட்டுகளுக்குப் பின்னால், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை, ஒரு மேடு நெளிந்து ஓடியது.

"இதுல தையல் இருக்கு."

"கம்பெனித் தையல்க்கா."

"கம்பெனி இவ்வளவு கோணலாவா தைக்கும்?"

"அம்மா தாயே," என்றான் வாத்தியார், "இது ஜாக்கெட் இல்ல, கார். வளாகத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வந்து பேசலாம், ஏறு."

வாத்தியார் ஸ்டியரிங்கைப் பிடித்தான். அவள் பக்கத்து சீட்டில். பட்டாணி அப்பாவுக்கு நேர் பின்னால். அவளுக்கு அருகே தேன்வாய், பெல்ட் போடாமல், ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு.

முதல் தெருவில் வண்டி வெண்ணெயாக வழுக்கியது. இரண்டாவது திருப்பத்தில்,

டொக்.

"பட்டாணி, சீட்டை உதைக்காதே."

"நான் உதைக்கலப்பா."

டொக். டொக்.

தையற்காரி திரும்பிப் பார்த்தாள். மகளின் இரண்டு கால்களும் சீட்டுக்கு மேலே, மடக்கியபடி இருந்தன. வாத்தியாரின் சீட்டு முதுகில் மட்டும் பெரிய ஆள் ஒருவனின் செருப்பளவுக்குப் பள்ளம் விழுந்துகொண்டிருந்தது. ஒன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று.

"அம்மா," என்றாள் பட்டாணி, மூச்சை இழுத்து, "என் மேல ஒரு ஆள் உட்கார்ந்திருக்கார். கனமா இருக்கு."

வாத்தியார் கீழே பார்த்தான். அவன் கால் ஒரு பக்கம் இருந்தது. பிரேக் தானாகத் தரையோடு அழுந்தியது.

வண்டி நின்றது. தேன்வாய் நிற்கவில்லை. பறந்து வந்து தையற்காரியின் சீட்டு விளிம்பில் முகத்தைக் கொடுத்தான். அந்த நாற்பதில் ஏழெட்டுப் பற்கள் அவள் மடியில் வந்து விழுந்தன.

பின்னாலிருந்து உதை. முன்னாலிருந்து பிரேக். உதை. பிரேக். யாரோ இரண்டு பேர் நடுத்தெருவில் சட்டையைப் பிடித்துக்கொண்டு அடித்துக்கொள்வதுபோல் வண்டி துள்ளித் துள்ளி விழுந்தது. பட்டாணியின் நெற்றி பிளந்து மூக்குவரை ரத்தம் வழிந்தது. வாத்தியாரின் தோளில் கிடந்த பெல்ட் மெல்ல நகர்ந்து மேலே ஏறி, கழுத்தைச் சுற்றியது. பின்னாலிருந்து இழுக்கப்பட்டதும் தோல் உரிந்தது.

தையற்காரியின் பையில் கத்தரிக்கோல் இல்லாத நாள் கிடையாது. எடுத்தாள். இரண்டே வெட்டு. பெல்ட் அறுந்தது. கணவன் தண்ணீரிலிருந்து தலை தூக்கியவன்போல் மூச்சை இழுத்தான். மறு கையால் ஸ்டியரிங்கைப் பிடுங்கித் திருப்பினாள். வளாகத்தைச் சுற்றித்தானே வந்துகொண்டிருந்தார்கள்? அதன் பின்வாசல் வழியாகப் பாய்ந்து, பட்டறைக் கொட்டகைக்குள் புகுந்து, டயர் குவியலில் மோதி நின்றது வண்டி.

முன்கதவுகள் திறந்தன. இருவரும் விழுந்தார்கள். பின்கதவுகள் அசையவில்லை. அவள் முன்சீட்டுகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து மகளின் பெல்ட்டில் கத்தரியை வைத்தாள். பனியன் துணியை வெண்ணெயாக நறுக்குகிற அந்த எஃகு, நடுவில் முறிந்தது. பெல்ட் இன்னும் ஒரு விரற்கடை இறுகியது. பட்டாணியின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

கொட்டகையின் வெல்டர் ஓடி வந்தான். வண்டியைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே நின்றான்.

"தேன்வாய் இதை வெளியே எடுத்துட்டானா?"

"என்ன வண்டி இது? சொல்லித் தொலைங்க."

"ரெண்டு வண்டிக்கா. அண்ணன் தம்பி, ஒரே நாள்ல ஒரே நிறத்துல வாங்கினது. அப்புறம் வெட்டுப்பகை. அண்ணன் வண்டி சிக்னல்ல நின்னுட்டிருந்திருக்கு. தம்பி தன் வண்டியில பின்னாடியே வந்தான். பின்சீட்ல உட்கார்ந்துக்கிட்டு, டிரைவர் சீட்டை உதைச்சு உதைச்சு, இடிடா, இடிடான்னு. டிரைவர் பொழைச்சான். அவன் சொல்லித்தான் தெரியும். அண்ணனுக்குக் கழுத்து முறிஞ்சுபோச்சு. தம்பி கண்ணாடி வழியா வெளிய வந்தான். முழுசா வரலை."

"அதுக்கு?"

"அண்ணன் வண்டியில முன்பாதி நல்லா இருந்தது. தம்பி வண்டியில பின்பாதி. ஒரே விபத்துல அடிபட்ட ரெண்டை ஒண்ணா ஒட்டமாட்டோம்க்கா, எங்க தொழில்ல அப்படி ஒரு வழக்கம். ஆனா நிறம் அச்சா ஒத்துப்போச்சு. பெயின்ட் அடிக்கிற வேலை மிச்சம்னு..."

"பிரிங்க."

"கதவைத்தானே?"

"கதவு இல்ல. தச்ச எடத்துல பிரிங்க."

பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தாள். கூரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, கதவுத் தூண்கள் வழியாக இறக்கி, ஒரு கோடு கிழித்தாள். அவள் வாழ்க்கையில் போட்ட மிக நேரான கோடு அதுதான்.

கிரைண்டர் இரும்பில் இறங்கியது. தீப்பொறி மத்தாப்பாகக் கொட்டியது. வண்டி அலறியது. எட்டுத் தெருவுக்குக் கேட்டிருக்கும். இரும்பு அலறுகிற அலறல் இல்லை அது. இரண்டு தொண்டைகள். வாத்தியார் உரிந்த கழுத்தோடு சீட்டிடுக்கில் கையை விட்டு மகளின் விரல்களைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

தொம்மென்று இரண்டாக விழுந்தது வண்டி.

பெல்ட் தளர்ந்தது. பிளந்த இடைவெளி வழியாக மகளை இழுத்து வெளியே போட்டாள் தையற்காரி.

"அக்கா, என்னையும்," என்றான் தேன்வாய், ரத்தக்குழம்பான வாயோடு. அவன் போடாத பெல்ட் இப்போது மூன்று சுற்றாக அவனைச் சுற்றியிருந்தது. அவள் கையை நீட்டினாள்.

சாவி, மகளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிவிட்ட வாத்தியாரின் சட்டைப்பையில் இருந்தது. ஆனாலும் முன்பாதியின் எஞ்சின் உறுமியது.

இரண்டே சக்கரத்தில், வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு, அது டயர்களைச் சிதறடித்து எதிர்ச்சுவர்வரை போனது. ஒரு நொடி நின்றது. பிறகு பின்பக்கமாகப் பாய்ந்து வந்தது. எஞ்சினே இல்லாத பின்பாதியும் அதை நோக்கி உருண்டது. நடுவிலிருந்து தையற்காரியை வெல்டர் முடியைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அவளும் அங்கேதான்.

மோதின. விலகின. மோதின.

மூன்றாவது மோதலில் தேன்வாயின் குரல் நின்றது. ஏழாவதில் கொட்டகைத் தூண் சாய்ந்தது. எல்லாம் ஓய்ந்தபோது முழங்கால் உயரத்துக்குமேல் அங்கே ஒரு கரும்பச்சைத் தகடுகூட இல்லை. கீழே கசிந்ததில் எது எண்ணெய், எது அவன் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் பட்டாணிக்கு நெற்றியில் ஐந்து தையல். வாத்தியாருக்குக் கழுத்தில் கட்டு. மாலை நான்கு மணிக்கு வெளியே வந்தார்கள்.

"இப்ப கனமா இருக்காடி?" என்று கேட்டாள் தையற்காரி.

"இல்லம்மா. இப்ப மேல யாரும் இல்ல."

வண்டி என்று எதிலும் ஏற மூவருக்கும் மனமில்லை. நடந்தார்கள். வாத்தியார் முன்னால். பட்டாணி நன்றாகப் பின்னால். செருப்புக்குள் ஏதோ கண்ணாடித் துண்டு உறுத்த, தையற்காரி ஒரு சுவரில் கையூன்றி நின்று அதை உதறினாள்.

நிமிர்ந்தபோது கணவன் நடுச்சாலையில் நின்றிருந்தான்.

சாலை காலி. சிக்னல் இல்லை, குறுக்கே யாருமில்லை. அவனுடைய வலது பாதம் மட்டும் தரையை அழுத்தி, அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க?"

அவன் திரும்பவில்லை. பின்னால் வருவது யாரென்று தெரிந்தவன்போல் கழுத்தை விறைத்துக்கொண்டான்.

பட்டாணி நடையை எட்டிப் போட்டாள். பிறகு ஓடத் தொடங்கினாள். தலையைக் குனிந்துகொண்டு, நேராக அவன் முதுகை நோக்கி. ஒன்பது வயதுப் பிள்ளையின் பாதம் விழுகிற சத்தமில்லை அது. தையற்காரி செருப்பை விட்டுவிட்டுப் பாய்ந்தாள். எட்டவில்லை.

அவளைக் கடக்கும்போது மகள் ஏதோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. கரகரத்த, வளர்ந்த ஆணின் குரல்.

"இடிடா."