துக்க வீடுகள் தவிர

முகச்சுவர் அடுத்த முகத்தைக் காட்டியது. காதுக்கருவி மாட்டிய ஒரு பெரியவர். பூங்கோதை அவரைப் பார்த்தபடி ஒரு மூச்சு இழுத்துவிட்டாள். "முருகா, இவரைக் காப்பாத்து" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். முகம் மங்கி, இன்னொன்று வந்தது.

சட்டம் அப்படி. மூச்சுச்சுரம் என்ற கொள்ளைநோய்க்காகப் போட்ட கதவடைப்பைத் தளர்த்த நினைக்கும் முதல்வர் யாராக இருந்தாலும், அந்தத் தளர்வால் சாகப்போகிறவர்களின் முகங்களை முதலில் பார்த்தாக வேண்டும். மக்களின் நடமாட்டம், உடல்நிலை, உறவு எல்லாவற்றையும் கோத்துப் பார்த்து, ஒரு மாதத்துக்குள் இறக்கப்போவது யார் யார் என்று சுவர் கணித்துவிடும். அதற்கு மேல் அதனால் பார்க்க முடியாது. பார்த்தவரைக்கும் தப்பியதில்லை. கண்ணை மூடிக்கொண்டால் முகம் காத்திருக்கும். அடையாள அட்டைப் படத்தைத்தான் அது எடுத்துக்கொள்ளும். ஆனால் கடைசி நாளில் அந்த முகம் எப்படி இருக்குமோ அப்படி மாற்றிவிடும். அதனால் எல்லாருமே ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்தியவர்கள்போல் தெரிந்தார்கள்.

முன்பிருந்த முதல்வர் பாதியில் எழுந்துபோய்ப் பதவியையே விட்டுவிட்டார். அவருக்குப் பின் முதல்வரானவள் பூங்கோதை. நாடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது.

அடுத்து வந்தது சொர்ணத்தின் முகம்.

சொர்ணம் பூங்கோதையின் வீட்டில் சமைப்பவள். தோட்டத்துக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். அவளுடைய ஒரே மகன் சுரத்தில் போனபோது யாரும் வரவில்லை. வரக்கூடாது என்பது சட்டம். பூங்கோதைகூடச் சமையலறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தலையை மட்டும் அசைத்தாள். மறுநாள் காலை வழக்கம்போல் தட்டில் இட்லி வந்தது.

"நிறுத்து, அருளப்பா" என்றாள்.

சுவரைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளன் அருளப்பன். சந்தையும் பேருந்தும்தான் இந்தச் சாவுகளுக்குக் காரணமாக இருக்கும் என்று அவன் நினைத்திருந்தான். முகங்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடச் சொன்னாள். தேடியவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். அத்தனை பேரும் இந்த இரண்டு வருடத்தில் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கதவு திறந்ததும் நம் ஜனங்கள் முதலில் கடைக்கா போவார்கள்? போக முடியாமல் நின்றுபோன துக்கங்களுக்கெல்லாம் போவார்கள். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து அழுவார்கள். எட்டி நின்று துக்கம் கேட்க இங்கே யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு துக்க வீட்டுக்கும் ஊர் வரும். ஊரோடு சுரமும் வரும்.

"அப்ப அதை மட்டும் அடைச்சு வெச்சுட்டா?" என்று கேட்டான் அருளப்பன்.

'துக்க வீடுகள் தவிர அனைத்தும் திறக்கப்படும்' என்று ஆணையை மாற்றி எழுதிச் சுவருக்குக் கொடுத்தார்கள். அது வெகுநேரம் இரைந்தது. பிறகு வெறும் வெள்ளையாக நின்றது. ஒரு முகம்கூட இல்லை. அருளப்பன் சிலுவை போட்டுக்கொண்டான். பூங்கோதை கையெழுத்திட்டாள்.

பேருந்துகள் ஓடின. பள்ளிக்கூட மணி கேட்டது. கல்யாண மண்டபங்களில் நாகஸ்வரம் ஒலித்தது. ஆட்டோக்களில் அவள் படத்தை ஒட்டுகிறார்கள், மூக்கைத்தான் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டார்கள் என்று அருளப்பன் கேலி செய்தான். துக்க வீடுகளின் வாசலில் மட்டும் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் வெளியே போகலாம். வேறு யாரும் உள்ளே போகக்கூடாது.

ஆணை போட்டு ஒரு மாதம் கழித்து, மழை தொடங்கியிருந்த ஒரு காலையில் அருளப்பன் கைத்திரையோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டான். முகங்கள் திரும்பியிருந்தன. அதே முகங்கள்.

"சுரமா?"

"இல்லம்மா. யாருக்கும் சுரம் வராது. சாப்பாட்டைக் கொறைச்சுட்டாங்க. மாத்திரை வாங்கறதில்ல. சில வீட்டுல வெளக்குகூடப் போடறதில்ல."

ஊரே பூட்டியிருந்தவரை அவர்களுக்கு ஒரு சமாதானம் இருந்தது. யாராலும் வர முடியாது, அதனால் வரவில்லை. இப்போது தெரு நிறையக் கால்கள். கல்யாண மேளம் சன்னல் வழியே வந்து விழுகிறது. அந்தக் கால்களெல்லாம் தங்கள் வாசலைத் தாண்டிப் போவதை இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"தடையை எடுத்துட்டா?"

"அதையும் போட்டுப் பாத்தேன். அப்பவும் இவங்கதான், சுரத்துல. எந்தப் பக்கம் திருப்பினாலும் சுவர் இவங்களைத்தாம்மா காட்டுது."

அந்த முகங்களில் சொர்ணம் இருக்கிறாளா என்று அவள் கேட்டாள். இருக்கிறாள் என்றான்.

பூங்கோதை முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு மழையிலேயே தோட்டத்தைக் கடந்தாள். சொர்ணத்தின் வாசலில், சிவப்புக் கயிற்றில், அவள் கையெழுத்துப் போட்ட அறிவிப்பு நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றைத் தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே போனாள்.

தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த சொர்ணம் எழுந்திருக்கப் பார்த்தாள். அதற்குள் பூங்கோதை எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்றாள் சொர்ணம், கீரையைப் பார்த்தபடி.

பூங்கோதை அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டாள். எல்லாருக்கும் தெரிந்ததைத் தெரியாததுபோல் கேட்பதுதான் துக்கம் கேட்பது. கேட்டாள்.

"எப்பிடி ஆச்சு, சொர்ணம்?"

சொர்ணத்தின் கை நின்றது.

"சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தாம்மா இருந்தான். புளிக்கொழம்பு வெய்யின்னான். நான்தான், நாளைக்கு வெக்கேன்டான்னு..."

அதற்கு மேல் வரவில்லை. அவள் அப்படியே சாய்ந்து பூங்கோதையின் தோளில் முகம் புதைத்தாள். இரண்டு வருட அழுகை. அவள் மூச்சு பூங்கோதையின் கழுத்தில் சுட்டது. முகக்கவசம் எப்போதோ விலகிவிட்டது. பூங்கோதை நகரவில்லை, அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இடுப்பில் தொலைபேசி அதிர்ந்தது. அருளப்பன்தான். இந்த நேரத்தில் அவன் இரண்டில் ஒன்றுக்குத்தான் கூப்பிடுவான். சுவரிலிருந்து சொர்ணத்தின் முகம் போயிருக்கும். இல்லையென்றால் ஒரு முகம் புதிதாக வந்திருக்கும். இரண்டும் நடந்திருக்கலாம்.

பூங்கோதை எடுக்கவில்லை. சொர்ணம் இன்னும் மகனைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை.