பதினான்காவது வளை

தரையை உடைத்த அந்தப் பிற்பகலில் வீட்டில் இருந்தவர்கள் நால்வர்: கட்டுமான நிலங்களில் விலங்குகளைக் கணக்கெடுப்பவர், அவர் மனைவி, அந்த வீட்டைக் கட்டிய அவருடைய அண்ணன், ஒரு கொத்தனார். வேறு யாருமில்லை.

குடிவந்து ஏழு மாதம். வெயில் ஏறும் நேரத்தில், கூடத்து டைல்ஸுக்கு அடியிலிருந்து, ஈரமண் வாசனையோடு, அடிப்பிடித்த பாத்திரத்தை யாரோ அவசரமில்லாமல் கரண்டியால் தேய்ப்பதுபோல் ஒரு சுரண்டல் விட்டுவிட்டுக் கேட்டது.

"எலிதாங்க," என்றாள் மனைவி.

"எலின்னா தட்டினா நிக்கும்."

ஓங்கிக் காலால் தட்டினாள். நிற்கவில்லை.

வீடு கட்டுமுன் அந்த நிலத்தில் பதினான்கு ஆமை வளைகள் இருந்தன. ஆமையை எடுத்தபின் வளை வாயில் மணலைச் சமன்செய்து மூன்று நாள் பார்க்கவேண்டும். தடம் விழாவிட்டால்தான் வளை காலி. பதின்மூன்றுக்கு அப்படித்தான் செய்தார். கடைசி வளையில் மறுநாளே ஒரு சின்னத் தடம் தெரிந்தது.

"கான்கிரீட் லாரி வந்து நிக்குதுடா. அப்பா பேருக்கு இதுவரைக்கும் ஒரு சொல் வந்ததில்ல. சொன்ன தேதி தவறினா என் தலைதான் குனியும்," என்றார் அண்ணன்.

தம்பி, காற்று கலைத்த மணல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வளை காலி என்று கையெழுத்துப் போட்டார்.

ஆமை மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். அவருக்கு அது தெரியும். அதனால் சுரண்டல் கேட்ட நாள் முதல் சோறு இறங்கவில்லை. மதியங்களில் தரையில் காதை வைத்துப் படுத்து, "பொறுத்துக்கோ, பொறுத்துக்கோ" என்று முணுமுணுத்தார். ஒரு நாள் சுரண்டல் அவர் வாய்க்கு நேர் கீழே வந்து நின்றது.

அன்றே அண்ணனை வரவழைத்தார்.

"உடைச்சு ஒண்ணுமில்லன்னா ஊருக்கு என்னடா பதில் சொல்றது?"

"இருந்தா அதுக்கு என்ன பதில் சொல்றதுண்ணே?"

அண்ணன் கொத்தனாரைப் பார்த்துக் கையசைத்தார். கொத்தனார் உளியை வைத்தார். டைல்ஸ் பெயர்ந்தது. கான்கிரீட் பிளந்தது. சில்லென்று காற்று. சுரண்டல் நின்றது.

ஆமை உயிரோடு கிடைத்தது, தம்பி அதைக் காட்டில் விட்டுவந்தார் என்று வெளியே ஒரு பேச்சு. பொய். கிடைத்தது வெறும் ஓடு; காய்ந்து, காகிதமாய்க் கனமற்று. பெயர்த்த கான்கிரீட்டின் அடிப்பக்கம் முழுக்க நகக்கோடுகள். விரல் புதையும் ஆழம். சில கோடுகளில் ஈரம். எல்லாம் படுக்கையறைப் பக்கம் போயிருந்தன.

அங்கே, கட்டிலுக்கு அடியில், மறுபடி தொடங்கியது. நால்வருக்கும் கேட்டது.