பொதுக்கை

தில்லைநாயகி புடலங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய இடது கை கல்யாணி வர்ணம் வாசித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லை. அவருடைய இடது கையும் கல்லாப்பெட்டியின் மேல் கிடந்தபடி ஏதோ கீபோர்டு பாடத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறச் சாதக உறையை இடது கையில் மாட்டிக்கொண்டால் விரல்கள் பாட்டுக்குத் தம் வேலையைப் பார்க்கும், மனிதர் தம் வேலையைப் பார்க்கலாம். சாதகம் என்றால் உட்கார்ந்து உழைப்பது என்று ஒரு காலத்தில் பொருள் இருந்ததே ஊரில் பலருக்கு மறந்துவிட்டது.

அவளுக்கு மட்டும் அது அவ்வளவு சுலபமாக இல்லை. மூன்று விரல்கள் வர்ணத்தில் ஓடிக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரலை உறை தனியாகப் பிடித்து மெல்ல மடக்கும். சுரீரென்று வலிக்கும். விடும். பிறகு மறுபடியும் மடக்கும். காலையிலிருந்து படுக்கப்போகும்வரை இதேதான். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதன் அலுப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பாத்திரம் தேய்க்கும்போது கையிலேயே உடைந்த கண்ணாடித் தம்ளர் அந்த விரலின் தசைநாணை அறுத்துவிட்டிருந்தது. டாக்டர் இமானுவேல் தைத்துவிட்டார். நல்ல மருத்துவர், சங்கீதப் பைத்தியம் வேறு. கட்டைப் பிரித்த அன்றைக்கே அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"தையல் நல்லா பிடிச்சிருக்கும்மா. ஆனா தசைநாண் பக்கத்துச் சதையோட ஒட்டிக்கத்தான் பார்க்கும். தினமும் மடக்கிக்கிட்டே இருக்கணும். இப்ப விட்டுட்டீங்கன்னா விரல் குச்சி மாதிரி நின்னுடும். அப்புறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் செய்ய முடியாது."

வயலினுக்கு ஆள்காட்டி விரல் போனால் என்ன மிச்சம் என்று அவள் கேட்கவில்லை. அவர் வீட்டிலும் வயலின் இருந்தது, அவருக்கே தெரியும்.

கையைப் பிடித்துப் பயிற்சி கொடுக்கும் ஆட்கள் இப்போது எந்த மருத்துவமனையிலும் கிடையாது. விரலை மடக்கத் தெரிந்த கருவி வீட்டுக்கு வீடு இருக்கும்போது அதற்குத் தனியாகச் சம்பளம் எதற்கு என்று நிர்வாகங்கள் நினைத்தன. நியாயம்தான். ஆகவே பாட்டுக் கற்பவர், பக்கவாதம் வந்தவர், எலும்பு முறிந்தவர் எல்லோருக்கும் ஒரே உறை. எந்த விரல் எவ்வளவு மடங்க வேண்டும் என்பதை அது பொதுக்கையிடமிருந்து தெரிந்துகொண்டது.

பொதுக்கை என்பது யாருடைய கையும் அல்ல. மேடையில் வாசிக்கிற ஒவ்வொருவரும் கையில் நூலளவு மெல்லிய உணரிகளைச் சுற்றிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும், அது சபாக்களின் விதி. கீழே நாற்காலிக் கைப்பிடிகளில் சிலிர்ப்புமானிகள் இருந்தன. கேட்பவரின் தோலில் எப்போது மயிர் குத்திட்டு நிற்கிறது என்று அவை கணக்கெடுக்கும். கூட்டத்தை அதிகமாகச் சிலிர்க்க வைத்த கையின் அசைவு எதுவோ, அது பொதுக்கையில் கலந்துவிடும். அங்கிருந்து நாட்டிலுள்ள எல்லா உறைகளுக்கும் போய்ச்சேரும். இப்படியாக எல்லோர் கையும் வல்லவர் கையாகிவிட்டது. பாமர ரசனைக்கும் பண்டித ரசனைக்கும் இருந்த சண்டைகூட இதில் தீர்ந்துபோனதாகப் பத்திரிகைகளில் எழுதினார்கள். தோலுக்கு ஏது கட்சி என்பது அவர்களுடைய வாதம்.

விரல் பாதி மடங்கத் தொடங்கியிருந்தபோதுதான் பாடகர் சாரநாதன் வீட்டுக்கு வந்தார். அவருக்கு அவள் நெடுங்காலமாகப் பக்கவாத்தியம் வாசிப்பவள். உடம்பை விசாரித்துவிட்டு, கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு, இளம் வயலின்காரர்களைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார். எல்லாம் சுத்தமாக வாசிக்கிறதுகள், ஆனால் எல்லாம் ஒரே கை. அவர் ராகத்தில் ஒரு பிடியை யோசிப்பதற்குள் அவர்கள் விரல் அங்கே போய் நின்றுகொண்டு அவருக்காகக் காத்திருக்கிறதாம். பாடவே எரிச்சலாக இருக்கிறதாம்.

"அடுத்த வாரக் கச்சேரிக்கு நீ வந்துடு நாயகி. சும்மா நிழல் மாதிரி கூட வந்தா போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

முடியாது என்றுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் ஒரு சீசன் மேடையில் இல்லாவிட்டால் ஆள் இருக்கிறாளா இல்லையா என்று கேட்கிற உலகம் அது. பயந்துகொண்டே சரி என்றாள்.

கச்சேரியில் அவர் தோடி ராகத்தை எடுத்தார். தோடியின் காந்தாரம் என்ற சுரத்தை விரல் நுனியால் உருட்டி அசைக்க வேண்டும், அவளுடைய விரலோ விறைத்துக்கொண்டு தந்தியின் மேல் படுத்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் மணிக்கட்டோடு முழுக் கையையும் இழுத்தாள். காந்தாரம் பாதி தூரம் ஏறியது, அங்கேயே நின்றது, பிறகு முடியாமல் கீழே சரிந்தது. நாதம்கூட மங்கித்தான் கேட்டது. சாரநாதன் திரும்பிப் பார்த்தார். அவமானத்தில் அவள் தலையைத் தூக்கவே இல்லை. எப்போது மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் வரும், எப்போது வில்லைக் கீழே வைக்கலாம் என்று காத்திருந்தாள்.

அன்று அந்த அரங்கத்தில் இருந்த சிலிர்ப்புமானிகள் அதுவரை காட்டாத அளவைக் காட்டின.

கச்சேரி முடிந்ததும் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையருகே வந்தார். அந்த காந்தாரம் அப்படியே அழுகிறதே, அது யாருடைய பாணி என்று கேட்டார். பாணியெல்லாம் ஒன்றுமில்லை, தம்ளர் உடைந்து விரலில் வெட்டு என்று அவள் உண்மையைச் சொன்னாள். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. நம் சங்கீத உலகம் அப்படிப்பட்டது. குருவுக்கு ஜலதோஷம் என்றால் சீடர்கள் ஆயுளுக்கும் மூக்கால் பாடுவார்கள். குருவுக்குப் பல் விழுந்தால் சீடர்களுக்கு சகாரம் வராது. கழுத்தில் கட்டி வந்து தலையைச் சாய்த்துக்கொண்டு புல்லாங்குழல் வாசித்தவருடைய பரம்பரை முழுக்கத் தலையைச் சாய்த்தே வாசிக்கும். கேட்டால் சம்பிரதாயம் என்பார்கள். முன்பெல்லாம் இந்த வியாதி ஒரு வீட்டோடு, ஒரு குருகுலத்தோடு நின்றது. பொதுக்கை வந்த பிறகு அதற்கு வேலி இல்லாமல் போயிற்று.

அந்த வாரக் கடைசியில் தில்லைநாயகி வழக்கம்போல் உறையை மாட்டினாள். மடக்குவதற்குப் பதிலாக அது அவளுடைய ஆள்காட்டி விரலை இழுத்து நேராக நிறுத்தியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினாள். உறை சிறிதாக ஒலியெழுப்பித் தவறு என்று அறிவித்துவிட்டு, மறுபடி விரலை நீட்டியது. உறைகளின் சேவை மையத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"பொதுக்கையில புதுப் பாணி ஒண்ணு சேர்ந்திருக்குங்க மேடம். உங்க விரல் தப்பா மடங்குது. அதான் திருத்துது."

"அது என் கையிலேர்ந்து எடுத்ததும்மா. எனக்கு அப்ப விரல் மடங்கல. அது பாணி இல்ல, காயம்."

"உங்க கைதானா மேடம்? அப்ப உங்களுக்குச் சிரமமே இருக்காதே."

பழைய பொதுக்கையைத் திரும்பப் போட முடியுமா என்று கேட்டாள். கலந்தது கலந்ததுதான், பிரித்தெடுக்க வழியில்லை என்று பதில் வந்தது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் அந்தப் பெண் அன்போடு கேட்டாள்.

டாக்டரிடம் போனாள். காத்திருப்போர் அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து எதையோ சுட்டிக்காட்டுவதுபோல் இருந்தது. விரலுக்காக வந்தவர் ஒருவரும் இல்லை, காய்ச்சல், வயிற்றுவலி என்று வந்தவர்கள். ஓர் அம்மாள் தன் மகளின் நீட்டிய விரலைப் பக்கத்திலிருந்தவருக்குப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தாள். பள்ளியில் மற்ற பிள்ளைகளுக்கு இவ்வளவு நேராக வரவில்லையாம்.

டாக்டர் இமானுவேல் எழுந்து நின்று வரவேற்றார். அந்தக் கச்சேரிக்கு அவரும் வந்திருந்தாராம். அவர் அவளுடைய விரலைத் தொட்டுப் பார்த்தபோதுதான் அவருடைய இடது கையையும் அவள் கவனித்தாள். அதிலும் ஒரு விரல் விறைத்து நின்றது.

"உறை நீட்டுதுங்க டாக்டர். மடக்க விட மாட்டேங்குது. நீங்கதானே ஒட்டிக்கும்னு சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா மடங்காததனாலதானேம்மா அந்த காந்தாரம் வந்துது? எனக்கே இப்ப ஓரளவு வருது. எதுக்காக அதை மடக்கணும்னு நினைக்கிறீங்க?"

ஆபரேஷன் செய்யும்போது இந்த விரல் இடைஞ்சலாக இல்லையா என்று அவள் கேட்டாள். கத்தியையும் ஊசியையும் கொஞ்சம் மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, போகப் போகப் பழகிவிடும் என்றார்.

அவளுக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றி அலமாரியில் போட்டாள். ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்துக்கொண்டு இடது கையை அதில் முக்கி, வலது கையால் அந்த விரலைப் பிடித்துத் தானே மடக்கத் தொடங்கினாள். எவ்வளவு மடக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்ட நாள்களில் கை முழுவதும் வீங்கிக்கொண்டது. குறைவாக அழுத்திய நாள்களில் விரல் பழையபடி முரண்டு பிடித்தது. அடுப்பில் பால் பொங்கும், யாராவது அழைப்பார்கள், எதற்கும் எழுந்திருக்க முடியாது, ஏனென்றால் இப்போது இரண்டு கையும் இதற்கே சரியாக இருந்தன. உறையாவது அவளைக் காய்கறி வாங்க விட்டது. தனக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை, மடங்காமலே கிடந்து தொலையட்டுமே என்று பல நாள் அழுதிருக்கிறாள். அழுதுவிட்டு மறுபடியும் தண்ணீரைச் சூடாக்குவாள்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒரு நாள் மதியம் விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டது. நம்பாமல் நீட்டி மறுபடி மடக்கினாள். மறுபடியும் தொட்டது. வயலினை எடுத்துச் சுருதி சேர்த்துத் தோடியை இழுத்தாள். காந்தாரம் உருண்டது. கீழே ரிஷபத்தையும் மேலே மத்யமத்தையும் உரசிக்கொண்டு, எங்கும் நிற்காமல், எங்கும் சரியாமல் அசைந்தது. அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் யாரும் இல்லாததால் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். அதையே திரும்பத் திரும்ப வாசித்தாள்.

சீசன் தொடங்குமுன் சாரநாதன் வீட்டில் ஒத்திகை. கை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டபோது, வாசித்தே காட்டலாம் என்று அவள் வயலினை எடுத்துக்கொண்டாள். அவர் தோடியைத் தொடங்கினார். காந்தாரத்துக்கு வந்தபோது அவருடைய குரல் பாதி தூரம் ஏறி, அங்கேயே நின்று, மெதுவாகச் சரிந்தது. எந்த மேடையிலும் எந்த வயலினும் இப்போது அப்படித்தான் வாசிக்கிறது. கூடவே கேட்டுக் கேட்டு அவருடைய தொண்டையிலும் அது குடியேறியிருந்தது. அவர் நிறுத்தியதும் அவள் முறை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, மடங்கிய விரலால், அந்தப் பிடியை முழுதாக வாசித்தாள்.

சாரநாதன் தொடரவில்லை. அவள் கண்ணைத் திறந்தபோது அவர் அவளையே இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை இன்னும் சரியாகலையா நாயகி?"

அவள் விரலைப் பார்த்தாள். அது தந்தியின் மேல் வளைந்து நின்றது. நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும், தம்ளரிலிருந்து ஆரம்பித்து. சொன்னாலும் அந்தப் பெரியவர் கும்பிட்டதுபோல் இவரும் ஒரு கும்பிடு போடக்கூடும். அவளுக்கு மிகவும் அலுப்பாக இருந்தது.

"இல்லைண்ணா. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்போல இருக்கு."

அவர் அவசரமே இல்லை என்றார். இந்தச் சீசனுக்கு வேறு ஒரு பையனை வைத்துச் சமாளித்துக்கொள்வதாகவும், அவள் உடம்புதான் முக்கியம் என்றும் சொன்னார். அவள் வயலினைப் பெட்டியில் வைத்து மூடியதும் வாசல்வரை கூடவே வந்தார். சோம்பேறித்தனம் பார்க்காமல் உறையைத் தினமும் போட்டுக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார்.