விளையாட்டுப் பெட்டியும் வேலைப் பெட்டியும்

சேக் முகம்மது பாய் ஆட்டோவிலிருந்து இறங்கிய விதத்தைப் பார்த்ததுமே ஏதோ வில்லங்கம் என்று கைலாசத்துக்குத் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் பெட்டியைக் கைக்குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். கடைக்குள் நுழைந்து மேசையில் வைத்தவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருடம், ஆனி மாதம். திருநெல்வேலி ஜங்ஷனில் மதுரை ரோட்டில் கைலாசமும் அவன் மனைவி ஆறுமுகத்தாயும் கம்ப்யூட்டர் விற்கும் கடை, பழுது பார்க்கும் கடை எல்லாமாக ஒரே அறையில் நடத்தி வந்தார்கள். பேசுவது கைலாசம், வேலை பார்ப்பது ஆறுமுகத்தாய் என்று ஊரில் சொல்வார்கள். கைலாசம் அதை மறுத்ததில்லை. ஏதாவது மர்மம் என்றால் மட்டும் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

பாய் மேலப்பாளையத்துக்காரர். பதினாலு வருடம் துபாயில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் ஊரோடு வந்து சேர்ந்தார். பங்குனி மாதம் இந்தக் கடையில்தான் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கினார். மகன் சல்மான் ஃபாரிஸுக்கு ஒன்று, வீட்டிலிருந்தே அச்சுக்குப் பக்கம் அடித்துக் கொடுக்கும் மகள் அஸீலாவுக்கு ஒன்று. ஒன்றில் பென்டியம் சிப். இன்னொன்றில் விலை குறைவான வேறு கம்பெனி சிப். ரெண்டுல எது ஒசத்தி என்று அன்றைக்கு அவர் கேட்க, எந்த வேலைக்கு என்று சொன்னால்தான் எது உசத்தி என்று சொல்ல முடியும் என்றாள் ஆறுமுகத்தாய். விளையாட்டுக்குப் பென்டியம்; பக்கம் அடிக்கிற வேலைக்கு மலிவு சிப்பே போதும், மிச்சப்படுகிற காசில் மெமரி கூட்டிப் போடுங்கள் என்றும் சொன்னாள். பாய்க்கு அவ்வளவு பொறுமை இல்லை. "ஒசத்தியானது அவனுக்கு, மத்தது பொம்பளப் புள்ளைக்கு, மெமரி இருக்குறது போதும்" என்று முடித்துவிட்டார். பையன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

இப்போது மேசையில் இருந்தது அந்தப் பையனின் பெட்டி.

"மிஷின் எந்திரிக்கையில மொதல்ல சிப்பு பேரு வரும்லா தங்கச்சி," என்றார் பாய். "துட்டு குடுத்து வாங்குன பேராச்சே, அதைத் தெனமும் ஒருக்கா பாப்பேன். ரெண்டு வாரமா வேற பேரு வருது. மின்ன காரு ஆட்டம் போட்டா காரு பறக்கும். இப்ப நொண்டுது."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "ஒண்ணு, நீங்க என்னைய ஏமாத்தி இருக்கணும். இல்லன்னா எம் மவன் சிப்பைக் களட்டி வித்துட்டு மட்டமானத மாட்டி இருக்கணும். வேற யாரும் அந்தப் பெட்டிய தொடுததில்ல."

பையனிடம் கேட்டீர்களா என்று கைலாசம் கேட்டான். பாய் கேட்கவில்லையாம். கேட்டு அவன் பொய் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயமாக இருக்கிறதாம். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். துபாயில் மச்சானின் கடைக்குப் பையனை அனுப்பச் சம்மதம் எழுதிய கடிதம். திருடன் என்று தெரிந்தால் வெள்ளிக்கிழமை தபாலில் போட்டுவிடுவார். அதோடு அவன் படிப்பு போச்சு. அன்றைக்குப் புதன்.

"என்ன படிக்கான்?" என்றான் கைலாசம்.

பாய் திணறினார். "ஏதோ மூணு வருசப் படிப்பு," என்றார்.

ஆறுமுகத்தாய் அதற்குள் பெட்டியைத் திறந்திருந்தாள். விசிறியைக் கழற்றி, சிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மலிவு சிப்தான். ஆனால் அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. தன் கையால் விற்கிற ஒவ்வொரு சிப்பிலும் அவள் நகப்பூச்சால் வைக்கிற புள்ளி அது. வேறு கடைச் சரக்கைக் கொண்டுவந்து யாரும் மாற்றித்தரச் சொல்லக்கூடாதே என்பதற்காக வைப்பது.

"அப்பம் இது ஒங்க கடைச் சிப்புதானா? தப்பு ஒங்க பேர்லதானா?" என்றார் பாய். கோபமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் அவர் முகம் விளக்குப் போட்டது போல் மலர்ந்துவிட்டது. கைலாசம் அதைப் பார்த்தான். ஆமா பாய், தப்பு எங்களுதுதான் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டான். ஆறுமுகத்தாய் மேசைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"ஒரு நாள் பொறுங்க பாய்," என்றாள். "நாளைக்குச் சாயங்காலம் நாங்களே பெட்டியோட வீட்டுக்கு வாரோம். எல்லாரும் இருக்கணும். அதுவரைக்கும் தம்பிகிட்ட ஒண்ணும் கேக்காதிய."

பாய் போனதும் கைலாசம் மனைவியைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பெட்டியையும் ஒரே நாளில், ஒரே மேசையில் வைத்துப் பாகங்களைப் பூட்டியது அவன்தான். சிப்பை மாற்றி மாட்டியிருந்தாலும் மாட்டியிருப்பான். அப்படியே இல்லாவிட்டாலும்தான் என்ன? "கடை பேரு போனா நாலு நாள்ல திரும்ப வரும். பையன் படிப்பு போனா வராதுல்லாட்டி," என்றான்.

ஆறுமுகத்தாய்க்குச் சிரிப்பும் வந்தது, கணவன்மேல் பாசமும் பொங்கிக்கொண்டு வந்தது. "நீங்க மாத்தி மாட்டல," என்றாள். "மாத்தி மாட்டியிருந்தா ரெண்டு மாசம் காரு எப்படிப் பறந்திருக்கும்? பொய் சொல்லிக் காப்பாத்துனா அந்த வாப்பா மனசுல இருக்க சந்தேகம் போயிருமா? இங்கன வாங்க. இதைப் பாருங்க."

பெட்டியின் மூடிக்கு நாலு திருகு. நாலாவது திருகு சரியாக உட்காராது என்பதால் கைலாசம் எப்போதும் மூன்றோடு விட்டுவிடுவான். இதில் நாலும் ஒழுங்காக முடுக்கியிருந்தது. உள்ளே மூன்று மாதத் தூசியைக் காணோம். யாரோ துணியால் துடைத்திருந்தார்கள். சிப்பின் மின்சார அளவுக்குத் தக்கபடி பலகையில் மாற்றிச் செருக வேண்டிய குட்டிக் குட்டிச் செருகிகள்கூட இம்மி பிசகாமல் மாற்றப்பட்டிருந்தன.

"களவாண்டவன் தூசி தொடச்சு வச்சிட்டா போவான்?" என்றாள்.

"அப்போ யாரு?"

"நம்ம கடையில இந்த ரகச் சிப்பு நெறய வித்திருக்கோம். ஆனா அந்த வீட்டுக்குள்ள போனது எத்தன?"

கைலாசம் விரலை மடக்கினான். ஒன்றுதான். அது அஸீலாவின் பெட்டியில் அல்லவா இருக்க வேண்டும்?

மறுநாள் ஆத்துப்பாலத்தில் ஸ்கூட்டர் போகும்போது தாமிரபரணி இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. மலையில் சாரல் பிடித்துவிட்டது. ஆறுமுகத்தாய் மடியில் பெட்டி, தோளில் கைப்பை. கொக்கிரகுளம் தாண்டி மேலப்பாளையம் வரைக்கும் கைலாசம் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். எல்லாவற்றுக்கும் அவள், அங்கன வந்து பாருங்க என்றாள்.

வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். பாயின் மனைவி ஜமீலா பீவி சாயாவும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். பெட்டி பழுது, சரிபண்ண வந்திருக்கிறார்கள் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தது. சல்மான் கதவோரம் நின்றான். பத்தொன்பது வயதுப் பையன், ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு. அவனை விட நாலு வயது மூத்தவள் அஸீலா. ஜன்னலோரத்தில் அவளுடைய பெட்டி. ஆடுகிற கால் கொண்ட மேசை. பக்கத்தில் தாள் கட்டுகள். ஒரு காலேஜின் ஆண்டு மலர் அடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இதை ஒழுங்காக முடித்தால் வருடம் முழுக்க அந்தக் காலேஜ் வேலை அவளுக்குத்தான்.

"ஒன் மிஷின் எப்படிம்மா ஓடுது?" என்று ஆறுமுகத்தாய் கேட்டாள்.

"இப்ப ரெண்டு வாரமா நல்ல வேகமா ஓடுது மைனி," என்றாள் அஸீலா. சொல்லும்போது கண் ஒரு தடவை தம்பி பக்கம் போய்த் திரும்பியது.

ஆறுமுகத்தாய் தலையாட்டினாள். கைலாசத்தைக் கைக்கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அறுபது பக்கக் கோப்பு ஒன்றைத் திறந்தாள். பெட்டியின் முகப்பில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்து, நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்தது. நாற்பத்தெட்டு வினாடி. பிறகு கைப்பையிலிருந்து தன் நோட்டை எடுத்து, பங்குனியில் பெட்டியை வைக்க வந்த அன்று இதே மேசையில் இதே போன்ற கோப்பைத் திறந்து பார்த்துக் குறித்த பக்கத்தைக் காட்டினாள். அன்றைக்கும் நாற்பத்தெட்டுத்தான். அப்புறம் மிஷினை அணைத்தாள்.

"பாய், நேத்து நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிருதேன்," என்றாள். "ஒங்க பென்டியம் எங்கயும் போவல. களவும் போவல. இந்தப் பெட்டி இப்ப எந்திரிக்கையில என்ன பேரு வருதுன்னு பாருங்க."

பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பென்டியம் என்று வந்தது. பாய் சாயாக் கோப்பையைக் கீழே வைத்தார்.

அவள் அவசரமே படாமல் சொன்னாள். சிப்பில் இருந்தது கடையின் புள்ளி. இந்த வீட்டுக்கு வந்த மலிவு சிப் ஒன்றே ஒன்று. ஆகவே அது அஸீலாவின் பெட்டியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மாற்றியவர் தூசி துடைத்து, திருகு நாலையும் முடுக்கி, செருகிகளைச் சரிபார்த்து மாற்றியிருக்கிறார். பங்குனியில் பெட்டி பூட்டும்போது பக்கத்தில் நின்று எதற்கு எது என்று கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். வாய் ஓயாமல் சொல்லிக் கொடுத்தது அவள் வீட்டுக்காரர். இந்த இடத்தில் கைலாசம் தரையைப் பார்த்தான்.

"தம்பி, ஒனக்கு ஒசத்தி, லாத்தாவுக்கு மட்டம்னு வாப்பா சொன்னது ஒனக்கு உறுத்திக்கிட்டே இருந்திருக்கு," என்றாள். "அவ மிஷின் முன்னால கன்னத்துல கை வச்சு ஒக்காந்திருக்கத தெனமும் பாத்திருக்க. ஒசத்தியான சிப்பு எல்லா வேலையிலயும் ஒசத்தின்னு நெனச்சுட்ட. வாப்பாவே அப்படித்தான நெனச்சாக. அதான் ஒன் ஆட்டத்த விட்டுட்டு அதைக் களட்டி இங்கன மாட்டிட்ட."

சல்மான் கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டான். அவன் காது மடல் சிவந்துவிட்டது.

உண்மையில் அந்த மாற்றத்தால் காலணா பிரயோஜனம் இல்லை என்பதையும் அவள் பக்குவமாகச் சொன்னாள். கார் ஆட்டத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் தசமப் புள்ளி வைத்த கணக்கை மிஷின் ஓயாமல் போட வேண்டும். அதில் பென்டியம் கெட்டி. பக்கம் அடிக்க அந்தக் கணக்கு வேண்டாம். மலிவு சிப்பே அதற்குச் சரிக்குச் சரி நிற்கும், கொடுத்த காசுக்கு அதுதான் லாபம். அஸீலாவின் மிஷினைப் பிடித்து இழுத்தது மெமரி பற்றாக்குறை. மெமரியில் இடம் போதாமல் மிஷின் உள்ளே ஹார்ட் டிஸ்க் தட்டைச் சுழற்றிச் சுழற்றி அதில் எடுத்தும் வைத்தும் கொண்டிருந்ததைத்தான் அந்தச் சிவப்பு விளக்குச் சொன்னது.

"ஒண்ணுதான் எனக்கு மொதல்ல வெளங்கல," என்றாள். "கடிகாரத்துல நாப்பத்தெட்டு அப்படியே இருக்கு. அப்பறம் ஏன் அஸீலா, வேகமா ஓடுதுன்னு சொன்ன?"

அஸீலா முந்தானையைத் திருகினாள். "மறுநாளே பேரு மாறியிருந்ததப் பாத்துட்டேன் மைனி. அவன் அறையில கார்ச் சத்தமே இல்ல. திருப்பி மாட்டுன்னு சொன்னா மனசு ஒடஞ்சிருவான். அதான் எல்லார்ட்டயும் வேகம் வேகம்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

"ஒனக்குத் தெரியுமா லாத்தா?" என்றான் சல்மான். குரல் உடைந்திருந்தது. ஜமீலா பீவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறுமுகத்தாய் வேலையை முடித்தாள். பென்டியம் விளையாட்டுப் பெட்டிக்கு, மலிவு சிப் வேலைப் பெட்டிக்கு. கைப்பையில் கையோடு கொண்டுவந்திருந்த ஒரு மெமரித் தகட்டை அஸீலாவின் பெட்டியில் செருகினாள். மறுபடி கோப்பைத் திறந்தபோது கைலாசம் கடிகாரத்தைப் பார்த்துப் பதினேழு என்றான். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை பார்த்தும் பதினேழுதான். அஸீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பாய் மட்டும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஒம்மேல சந்தேகப்பட்டேம்லே. நீ சிப்ப வித்துட்டன்னு நெனச்சேன்."

"நீங்க பெட்டியத் தூக்கிட்டுப் போகையிலயே தெரியும் வாப்பா. ஒங்க சட்டப் பையில அந்த லெட்டரையும் பாத்தேன்."

"பாத்துமா? அப்பறம் ஏம்லே ஒரு வார்த்த சொல்லல?"

சல்மான் கதவோரத்திலிருந்து முன்னால் வந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

"நீங்க கேக்கவே இல்லியே வாப்பா," என்றான்.

கைலாசத்துக்கு அங்கே நிற்க முடியவில்லை. பெட்டித் திருகுகளைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டான். பாய் சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். நாலாக மடித்து, எட்டாக மடித்து, மகளின் மேசையடியில் குனிந்து ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்தார். மேசையை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, மகனைக் கையால் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"கேக்கலன்னு சொன்னல்லா? இப்பக் கேக்கேன்," என்றார். "காலேசுல நீ என்னலே படிக்க?"

சல்மான் சொல்ல ஆரம்பித்தான். ஆறுமுகத்தாய் கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் பைய வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டபோதும் அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். பாய் நடுநடுவே அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.