மடியில் உட்கார மாட்டேன்

நெட்டைக்கு இந்த ஒரு வருடத்தில் எல்லாமே குட்டையாகிவிட்டன. பள்ளிச் சீருடை குட்டை, போர்வை குட்டை, கட்டில்கூடக் குட்டை. வளர்ந்தது அவள்தான் என்றாலும், பழி என்னவோ போர்வையின் மேல்தான் விழுந்தது.

அவளை முதன்முதலில் நெட்டை என்று கூப்பிட்டவர் பெரியப்பா. நியாயமாகப் பார்த்தால், அவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்பது வேறு யாரையும்விட அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அதைச் சுத்தமாக மறந்துவிட்டார்.

குடும்பமே விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கடலுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடும் பேசியாகிவிட்டது. விமான நிலையத்திலிருந்து அந்த வீட்டுக்குப் போக ஒரு வேன் பிடிப்பது மட்டும்தான் பாக்கி. அந்த மாதிரி வேலையெல்லாம் எப்போதும் பெரியப்பாவுடையது. வேறு யாராவது செய்தால் அதில் நூறு குறை கண்டுபிடிப்பார் என்பதால், யாரும் செய்வதும் இல்லை.

வரவேற்பறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பெரியப்பா சோபாவின் நடுவில் உட்கார்ந்து, வேன் கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். மறுமுனையில் ஒரு அக்கா பேசினார். விமானம் எப்போது இறங்கும், எத்தனை பெட்டி என்றெல்லாம் கேட்டார்.

பெரியப்பா பெட்டிகளை ஒன்று விடாமல் எண்ணிச் சொன்னார். பெரியம்மாவின் கைப்பையைக்கூட விடவில்லை.

"ஆளுங்க எத்தனை பேர் சார்?"

"ஏழு பேர்."

நெட்டை நிமிர்ந்து பார்த்தாள். பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அத்தை. சரிதான், ஏழு பேர். அப்படியானால் அவள் எங்கே? அவளுடைய தம்பி பொடியன் எங்கே? எல்லோரும் வக்கீல் என்று கூப்பிடுகிற பெரியப்பாவின் மகன் எங்கே?

"பத்து பேர்" என்றாள் நெட்டை.

பெரியப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டார். "குட்டிங்களை எல்லாம் கணக்குல சேர்க்கக் கூடாது. மூணு பேரும் மடியில."

இது அந்தக் குடும்பத்தின் பழைய வழக்கம். எங்கே போனாலும் பெரியவர்களுக்கு சீட்டு, பிள்ளைகளுக்கு மடி. பொடியன் அம்மா மடியில், வக்கீல் சித்தப்பா மடியில், நெட்டை அத்தை மடியில். பெரியப்பா மட்டும் டிரைவருக்குப் பக்கத்தில், வழி சொல்ல. அவருக்கும் வழி தெரியாதுதான். ஆனாலும் சொல்வார்.

"நான் மடியில உட்கார மாட்டேன் பெரியப்பா."

பெரியப்பாவிடம் 'மாட்டேன்' என்ற சொல்லை யாரும் அதிகமாகப் பயன்படுத்தியதில்லை. அவர் போனில் இருந்த அக்காவிடம் பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டு, நெட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த வீட்ல மீசை முளைக்கிற வரைக்கும் மடிதான்" என்றார்.

"எனக்கு மீசையே முளைக்காதே பெரியப்பா. நான் என்ன பண்ணட்டும்?"

சித்தி சிரித்துவிட்டு, இருமுவதுபோல் நடித்தார். அம்மா மட்டும் நெட்டையைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று அந்தக் கண் கேட்டது. நெட்டை அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

அவளுக்குக் கோபம் தன் சீட்டுக்காக மட்டும் இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

அத்தை ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை எடுத்துக் காட்டுகிற வேலை. அதனால் அவருக்கு முட்டி வலி. போன வருடக் கடற்கரைப் பயணத்தில், நெட்டையை மடியில் வைத்துக்கொண்டே வேனில் அவ்வளவு தூரம் வந்தார். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார். அதன் பிறகு விடுமுறை முடியும் வரை கரையிலேயே உட்கார்ந்து எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்தார். ஏன் கடலில் இறங்கவில்லை என்று கேட்டதற்கு, உப்புத் தண்ணீர் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். எல்லோரும் நம்பினார்கள்.

நெட்டையும் நம்பினாள், நேற்று வரை. நேற்று அத்தை பெட்டி அடுக்கும்போது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். பெட்டியின் அடியில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு இருந்தது. தண்ணீரில் போட்டுக்கொள்கிற செருப்பு. போன வருடம் வாங்கியது. விலைச் சீட்டுகூட இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதை எடுத்து ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி அடியிலேயே வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினார்.

இப்போது அதே அத்தை, ஒரு மூலையில் உட்கார்ந்து பேசாமல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒன்றரை மணி நேரம் மடியில உட்கார்ந்தா நீ என்ன தேஞ்சா போயிடுவே?" என்றார் பெரியப்பா.

"நான் தேய மாட்டேன். கீழ இருக்கிறவங்கதான் தேஞ்சு போவாங்க. நம்பலேன்னா உங்க மடியில உட்கார்றேன். வேன் போற நேரம் வரைக்கும் நீங்க எழுந்திருக்காம இருந்துட்டா, நான் வாயே திறக்காம மடியில வரேன். முடியலேன்னா பத்து பேருக்கு வேன் சொல்லணும்."

பெரியப்பாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. முடியுமா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முடியும் என்று சொல்லிவிடுவார். யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

"வா, உட்காரு" என்று தொடையைத் தட்டினார். "உன் வயசுல நான் சிமெண்ட் மூட்டையே தூக்கியிருக்கேன்."

நெட்டை போய் அவர் மடியில் உட்கார்ந்தாள். முதலில் பெரியப்பா ரொம்பக் கெத்தாகத்தான் இருந்தார். செய்தித்தாளை விரித்தார். ஆனால் அவள் தலை மறைத்தது. தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அவள் பின்னல் மூக்கில் பட்டது. அந்தப் பக்கம் சாய்த்தார், காதில் பட்டது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார்.

பெரியம்மா டீ கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பெரியப்பாவின் கை எட்டவில்லை. கொஞ்சம் எடுத்துத் தரும்படி அவர் கேட்டதற்கு, வேனில் யார் டீ தருவார்கள் என்று பெரியம்மா கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

வக்கீல் இத்தனை நேரமும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பள்ளியில் ஆசிரியரிடமே வாதாடுவான், கடைக்காரரிடம் வாதாடுவான், நாயிடம்கூட வாதாடியிருக்கிறான். அவனுடைய அப்பாவிடம் மட்டும் வாயே திறக்க மாட்டான். ஆனால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியவில்லை.

"ரோடு எப்பவும் நேராவே இருக்காதே" என்று மெதுவாகச் சொன்னான். பிறகு கொஞ்சம் சத்தமாக, "வளைவு வருது" என்றான்.

நெட்டைக்குப் புரிந்துவிட்டது. பெரியப்பாவின் மேல் முழுவதுமாகச் சாய்ந்தாள். அவர் சோபாவின் கைப்பிடியில் போய் இடித்துக்கொண்டார்.

"இந்தப் பக்கமும் வளைவு" என்றான் வக்கீல். பொடியனுக்கு விஷயம் என்னவென்று தெரியாவிட்டாலும் விளையாட்டு பிடித்துவிட்டது. வாயால் ஹாரன் அடித்துக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினான்.

"வேகத்தடை."

நெட்டை ஒரு குதி குதித்தாள். "அம்மா" என்றார் பெரியப்பா. அவருடைய அம்மாவைக் கூப்பிடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

"பள்ளம். பெரிய பள்ளம்."

"போதும், வண்டியை நிறுத்து" என்று கத்தினார் பெரியப்பா. "எறங்கும்மா. என் காலு எங்க இருக்குன்னே தெரியல."

நெட்டை உடனே இறங்கினாள். பெரியப்பா எழுந்தார், ஒரு அடி வைத்தார், மறுபடி சோபாவிலேயே விழுந்தார். சித்தப்பா ஓடிவந்து அவருடைய காலைத் தேய்த்துவிட்டார்.

வக்கீல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னும் ஏர்போர்ட் கேட்டைக்கூடத் தாண்டலப்பா" என்றான்.

சொன்ன பிறகுதான், அதை யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. சட்டென்று சித்தியின் பின்னால் போய் நின்றுகொண்டான். ஆனால் பெரியப்பாவுக்கு இருந்த வலியில் அவனைக் கவனிக்க நேரமில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்தான் அவர். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வேன் கம்பெனிக்குக் கூப்பிட்டு, பத்துப் பேருக்கு வேன் வேண்டும் என்றார். அந்த அக்கா தேடிப் பார்த்தார். பெரிய வேன் இருக்கிறதாம். ஆனால் அது வேறு ஒரு குழுவை இறக்கிவிட்டுத்தான் வருமாம். விமானம் இறங்கிய பிறகு ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டியிருக்குமாம்.

பெரியப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த அக்காவைக் கொஞ்சம் லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, எல்லோரையும் பார்த்தார். இத்தனை பெட்டியோடு அங்கே யார் காத்துக் கிடப்பது, சின்ன வேனையே சொல்லிவிடலாம் என்றார். மடியைப் பற்றிய பந்தயம் வேறு, காத்திருப்பது வேறு என்றும் சொன்னார்.

நெட்டைக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகை. "இது அநியாயம் பெரியப்பா. உங்களால கொஞ்ச நேரம்கூட முடியல. அத்தைக்கு மட்டும் வலிக்காதா?"

"அவளுக்கு என்ன? அவளுக்குப் பழக்கம்தான்" என்றார் பெரியப்பா.

கத்தி நறுக்குகிற சத்தம் நின்றது.

நெட்டை திரும்பிப் பார்த்தாள். அத்தை கத்தியைத் தட்டில் வைத்தார். கையை முந்தானையில் துடைத்தார். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மெதுவாக எழுந்து நின்றார்.

"பழக்கம் இல்லண்ணா" என்றார். "வலிக்கும். ஒவ்வொரு தடவையும் வலிக்கும். யாரும் கேட்கல, நானும் சொல்லல. இந்தத் தடவை என் மடியில யாரும் வேண்டாம். நான் கடல்ல எறங்கணும்."

பொடியன் ஹாரனை நிறுத்திவிட்டான். பெரியப்பா தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை, இன்னும் மரத்துப்போயிருந்த தன் தொடையைத் தானாகவே தடவிக்கொண்டது.

"உப்புத் தண்ணி ஒத்துக்காதுன்னு சொன்னியே?"

"பொய்" என்றார் அத்தை.

பெரியப்பா போனை எடுத்தார். "பெரிய வேனே போடும்மா. நாங்க காத்திருக்கோம்."

அந்த அக்கா, பிள்ளைகள் யாராவது உண்டா என்று கேட்டார். மூன்று பேர் என்று பெரியப்பா ஒப்புக்கொண்டார். நல்ல வேளை இப்போதே சொன்னீர்கள் என்றார் அந்த அக்கா. மடியில் உட்கார வைத்தால் அவர்களுடைய டிரைவர்கள் வண்டியையே எடுக்க மாட்டார்களாம், ஆளுக்கொரு பெல்ட் போட்டே ஆக வேண்டுமாம். பெரியப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். மற்ற எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

விமான நிலையத்தில் காத்திருந்தது அப்படி ஒன்றும் மோசமாக இல்லை. 'நான் அப்பவே சொன்னேன்' என்று பெரியப்பா இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்வதற்குள் பெட்டியின் மேல் சாய்ந்து தூங்கிப்போனார். வேன் வந்த பிறகு அவரை எழுப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது.

வேனில் நெட்டைக்கு ஒரு சீட்டு இருந்தது. அவள் நீளக் காலை நீட்டிக்கொள்ள இடம் இருந்தது. பொடியன் குழந்தை சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். வக்கீல், தன் பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டு, எல்லோருடைய பெல்ட்டையும் சரிபார்த்தான். அவனுடைய அப்பாவின் பெல்ட்டையும்தான். பெரியப்பா முன்னால் உட்கார்ந்து டிரைவருக்கு வழி சொன்னார். டிரைவர் நல்ல மனிதர், எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் சரியான வழியில் போனார்.

அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெறும் மடியில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினார். பிறகு காலடியில் இருந்த தன் பெட்டியைத் திறந்து நீலச் செருப்பை வெளியே எடுத்தார். விலைச் சீட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்தார். அதை நெட்டையிடம் நீட்டினார். நெட்டை பத்திரமாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டிகளை இறக்கிய கையோடு எல்லோரும் கடலுக்கு ஓடினார்கள். அத்தை ஓடவில்லை. ஆனால் நொண்டவும் இல்லை. நேராக நடந்துபோய்த் தண்ணீருக்குள் இறங்கினார். முதல் அலை கால்வரை வந்தது, அடுத்தது இடுப்புவரை வந்தது. மூன்றாவது அலை அவரையும் நெட்டையையும் சேர்த்து உருட்டிவிட்டது. இரண்டு பேரும் மணலைத் துப்பிக்கொண்டே எழுந்து சிரித்தார்கள்.

செருப்புகளுக்கு யாரும் காவல் இல்லை. அவை பாட்டுக்குக் கரையில் கிடந்தன.

வெகுநேரம் கழித்துப் பெரியப்பா கரையில் வந்து நின்று கை தட்டினார். சாப்பாடு ஆறிப்போகிறது, போதும் ஆடியது, எல்லோரும் உடனே வெளியே வாருங்கள் என்றார். அப்பா வந்தார், அம்மா வந்தார், சித்தப்பாவும் சித்தியும் வந்தார்கள். வக்கீல்கூட வாதாடாமல் வந்தான்.

நெட்டை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சொல்வதற்காக வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாட்டேன்" என்றார் அத்தை, வருகிற அலையைப் பார்த்துக்கொண்டே.