டெஸ்ட் பிள்ளை

வேனில் ஒரு பிள்ளை கூடுதலாக இருந்தது.

சுபோதினி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் போனைப் பார்த்தாள். கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் ரெனால்ட் அங்கிளின் வேன் ஒரு நீலப் புள்ளியாகக் கொழும்பின் காலி வீதியில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தட்டினால் உள்ளே இருக்கும் பிள்ளைகளின் பெயர்கள் விரியும். வழக்கமாகக் கடைசியில் வருவது தங்கை ஆரணி. இப்போது அவளுக்குக் கீழே அதே படம், அதே முகவரி. பெயர் மட்டும் 'டெஸ்ட்'.

அட, இது அவள் பார்த்த வேலைதான். அவளுடைய குழு எழுதும் இந்தப் பள்ளி வேன் செயலியைச் சோதிக்க ஒரு பொய்ப் பிள்ளை தேவைப்பட்டபோது, புதிதாக எழுதப் பஞ்சிப்பட்டு ஆரணியின் விவரத்தை அப்படியே பிரதி எடுத்திருந்தாள். அழிக்க மறந்துபோனாள். மறக்காமல் என்ன செய்யும்? ஒழுங்காக நித்திரை கொண்டு வாரங்கள் ஆகிவிட்டன. குழுவில் இரண்டு பேர் வேலை கிடைத்ததென்று கழன்றுவிட, மிஞ்சியது அவளும் ராசிக்கும்தான். நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் காட்டியாக வேண்டும்.

ஆனால் டெஸ்டுக்கு எதிரே 'ஏறியாயிற்று' என்றிருந்தது. ஒரு பிள்ளை ஏறும்போது அங்கிள் தன் கையால் அழுத்தினால்தான் அப்படி வரும்.

அழிக்கப் பார்த்தாள். 'வேனில் இருக்கும் பிள்ளையை நீக்க முடியாது.'

அந்த விதியும் அவளுடையதே. எந்தப் பிள்ளையும் இடைவழியில் தொலைந்துவிடக் கூடாது என்று ராசிக்கோடு மல்லுக்கட்டிச் சேர்த்தது. வீட்டு வாசலில் வேன் நின்றதும் வீட்டார் 'பெற்றுக்கொண்டேன்' என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பிள்ளையை இறக்கக் கூடாது.

அங்கிளுக்கு அழைப்பெடுத்தாள்.

"அங்கிள், எங்கட வீட்டுப் பிள்ளை ஒராள்தானே வேனுக்குள்ள?"

"இல்லையே மகள், ரெண்டு பேரும் இருக்காங்க. பின் சீட்டுல நல்ல நித்திரை." வேனின் கூரையில் மழை சடசடத்தது. "இரட்டைப் பிள்ளை எண்டு சொல்லவே இல்லையே நீங்க. ஒரே முகம்."

"பகிடி விடாதேங்கோ அங்கிள்."

"ஐயோ, நான் ஏன் மகள் பகிடி விடப்போறன்?"

சிரித்து வைத்தாள். பயப்படுவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை. மின்சாரம் போய் மின்விசிறி முனகி நின்றது. மத்தியானம் கறுத்து, கடலின் உப்பு வாடையும் பக்கத்து வீட்டுக் கருவாட்டு மணமும் ஒன்றாகிக் கூடத்துக்குள் அடைந்துகொள்ள, ஒழுங்கையின் முடிவில் ரயிலொன்று போய் யன்னல் கண்ணாடிகளை நடுக்கிவிட்டு ஓய்ந்தது.

கீழே ஹோர்ன். எப்போதும்போல இரண்டு தரம்.

திரை திக்கித் திக்கி ஓடியது. ஆரணியின் பெயரை அழுத்தினாள். விரல் படும் கணத்தில் வரிசை ஒரு துள்ளுத் துள்ளியது. 'பெற்றுக்கொள்ளப்பட்டது.' அப்பாடா. யாருடைய பெயரென்று அவள் பார்க்கவில்லை.

வேன் கதவு இழுபட்டு மூடியது. படியில் காலடி கேட்டது. ஒவ்வொரு படியாக, ஆறுதலாக. ஆரணி இரண்டிரண்டு படியாகத் தாவி வருகிறவள்.

கதவைத் திறந்தாள். வெள்ளைச் சீருடை. புத்தகப் பை. உடம்பில் ஒரு சொட்டு மழை இல்லை.

"அக்கா" என்று சிரித்தது பிள்ளை.

முன்பல் இல்லை.

செயலிக்காகத் தை மாதம் எடுத்த படத்தில் ஆரணிக்கு அந்தப் பல் இல்லை. அது முளைத்து எத்தனையோ மாதம். நேற்று அந்தப் பல்லால்தான் சோளப்பொத்தி கடித்தாள்.

போனைப் பார்த்தாள். பெற்றுக்கொள்ளப்பட்டவர்: டெஸ்ட். வேனில் இருப்பவர்: ஆரணி. மறுபடியும் அங்கிளுக்கு அழைப்பெடுத்தாள்.

"அங்கிள்! ஆரணி எங்க?"

"மற்றப் பிள்ளைக்கு நீங்க அமத்தேல்லையே மகள். அமத்தாட்டி இறக்கக் கூடாதெண்டு நீங்கதானே சொன்னீங்க."

"திரும்பி வாங்கோ! இப்பவே வாங்கோ அங்கிள்!"

"உங்கட ஆப் காட்டுற பாதையாலதான் போறன்." அவர் குரல் தூரத்தில் இருந்தது. "ஒரே தண்ணியா இருக்கு மகள்."

இணைப்பு அறுந்தது.

நீலப் புள்ளி ஒழுங்கையால் இறங்கியது. மரைன் டிரைவ். தண்டவாளம். அதற்கப்பால் கடல்தான், பாதை இல்லை. புள்ளி நிற்கவில்லை.

ஆரணியின் பெயரை அழுத்தினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள். 'வேன் வீட்டுக்கு அருகில் இல்லை.'

கடலுக்குள்ளிருந்து ஹோர்ன் கேட்டது. இரண்டு தரம்.

பின்னால், அது கதவுக் கொண்டியைப் போட்டது.