செல்லதுரையைக் கிடத்திய கூடம்

அன்று மாலை கூடத்தில் இருந்தவர்கள் வீட்டுக்காரரான மிராசுதார் சவரிராஜ், அவர் மகன் டாக்டர் ரெமிஜியஸ், செபமாலை சொல்ல வந்த உபதேசியார் துரைராசு, பெட்டிக்குள் செல்லதுரை, பெட்டியைப் பிடித்தபடி அவன் மனைவி விண்ணரசி. அடைமழையில் வலங்கைமான் சாலை மூழ்கிப்போனதால் ஊர்ச்சனம் வந்து சேரவில்லை. ஆனாலும் இன்னொருவர் அங்கே இருப்பதாகவே சவரிராஜுக்குத் தோன்றியது.

செல்லதுரை அவருடைய டிராக்டரை ஓட்டியவன். சேற்றுழவில் வண்டி கவிழ்ந்து தலையில் அடி. மூளை செத்துவிட்டது என்று சொன்னவன் ரெமிஜியஸ்தான். லண்டனில் படித்துத் திரும்பியவன். இங்கே எடுக்கும் உறுப்பு மெட்ராஸ் போவதற்குள் கெட்டுவிடுகிறதே என்று, அதைப் பல நாள் உயிரோடு காக்கும் திரவம் ஒன்றைக் கூடத்தை ஒட்டிய அறையில் ஆராய்ந்துகொண்டிருந்தான். தானம் கேட்டபோது விண்ணரசி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“வேணாங்கய்யா. உயிர்த்தெழுற அன்னைக்கு அது முழுசா எந்திரிக்கணும்.”

“முழுசா வரும்மா. இது என் வீட்டு வார்த்தை” என்றார் சவரிராஜ். அந்த மிதப்பில்தான், எந்த மிராசுதாரும் செய்யாததைச் செய்தார். கூலிக்காரனின் உடலைத் தன் கூடத்தில், அந்த அறைச் சுவரோரமாகக் கிடத்தச் சொன்னார்.

ஐஸ் பாளம் உருகி உமியில் சொட்டும் ஒலிக்கும், சாம்பிராணிப் புகைக்கும், வெளியே நனைந்து புளித்த வைக்கோல் வாடைக்கும் நடுவே, சுவருக்குள்ளிருந்து ஏதோ மெத்தென்று இடித்துக்கொண்டிருந்தது. விண்ணரசியின் ஒப்பாரி உயர்ந்தால் அது விரைந்தது, அவள் மூச்சு வாங்க நின்றால் அதுவும் தணிந்தது.

“என்னடா அது?”

“மெஷின்ப்பா.” ரெமிஜியஸ் தரையைப் பார்த்துச் சொன்னான்.

கரண்ட் போனது. மின்விசிறி ஓய்ந்தது. குழல்விளக்கு அணைந்தது.

மெஷின் ஓயவில்லை.

சவரிராஜ் மெழுகுவத்தியோடு அறைக்குள் போனார். பம்பு நின்றிருந்தது. குழாய்கள் தொங்கின. ஜாடியில், மஞ்சள் திரவத்தில், கைப்பிடி அளவு சதை. சுருங்கியது. விரிந்தது. தானாக.

மகன் பின்னால் நின்றான். “நெஞ்சத் திரும்பத் தைச்சுட்டேன்ப்பா. யாருக்கும் தெரியாது. வேற எதுவும் இத்தன நேரம் ஓடுனதில்ல.”

கன்னத்தில் அறையலாம். கூடத்துக்குப் போய் அவள் காலில் விழலாம். சவரிராஜ் வெளியே வந்து கதவைச் சாத்தினார். கூசிய முகம் தீயாய் எரிந்தது.

“ஐயா, செவுத்துல என்னமோ அடிச்சுக்குதே.” விண்ணரசி சுவரில் காது வைத்திருந்தாள்.

“ஜெனரேட்டர்மா.”

“எங்க ஜெனரேட்டரு? லைட்டே எரியலையே.”

“உபதேசியாரே, சத்தமா சொல்லுங்க!”

துரைராசு குரலை உயர்த்தினார். சவரிராஜ் அதற்கும் மேலே. சுவர் அதற்கும் மேலே. விண்ணரசி காதை எடுக்கவில்லை. அழுகை நின்றுவிட்டது. குழந்தையைத் தூங்க வைப்பவள்போல உள்ளங்கையால் சுவரைத் தட்டிக்கொடுத்தாள். அது அடங்கியது. அவள் கைக்கு அடங்கியது.

அவள் திரும்பிச் சவரிராஜைப் பார்த்தாள்.

“பெட்டிய மூடுங்க” என்றார் அவர்.

சவரிராஜ் வீட்டார் செல்லதுரையின் கிட்னியை மெட்ராசுக்கு விற்றார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். அந்தக் குடும்பம் எதையும் விற்கவில்லை. எடுத்தது இதயத்தை. அது அந்த அறையில்தான் இருக்கிறது. திரவத்தை ரெமிஜியஸ் என்றோ கொட்டிவிட்டான். ஜாடி காய்ந்துவிட்டது. அது நிற்கவில்லை.